கடைசி வரிசைக்கு ஒரு டிக்கெட்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். ஆறரைக்கு நாடகம்.

பாலக்கரையில் பங்குக் கோயில் மைதானத்து வாசலில் ரோசரி இரண்டு டிக்கெட்டோடு நின்றாள். ஒன்று அவளுக்கு. மற்றது கணவர் சவரிநாதனுக்கு எடுத்தது. இனி அவருக்கு உதவாது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் அது. இயேசுவுக்குத் தீர்ப்பு சொல்லும் ஆளுநர் பிலாத்தாக நடிக்க இருந்தவருக்கு மதியம் தொண்டை கட்டிக்கொண்டது. ஆறு வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த சவரிநாதனுக்கு அங்கியை மாட்டிவிட்டார்கள்.

முன் வரிசை. விலை முந்நூறு. மற்ற டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தான்.

"ஒண்ணுக்கு ஐந்நூறு தரேங்க. ரெண்டையும் குடுங்க."

"போட்டிருக்கிற வெலதாங்க. அதுவும் ஒண்ணுதான். ரெண்டையும் குடுத்துட்டா எங்க வீட்டுக்காரர யாரு பாக்குறது?"

அவன் போய்விட்டான். அடுத்து வந்தவள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த மகாலட்சுமி. வேர்வை காயவில்லை.

"அக்கா, டிக்கெட் இருக்காமே?"

"இருக்கு. முன் வரிசை."

அவள் முகம் வாடிவிட்டது. "முன்னாடி வேணாங்கா. கடைசில எங்கயாச்சும் கெடைக்குமா?"

விசாரித்ததில் விஷயம் வந்தது. அவள் கணவன் இளவரசன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். தோள் அகலத்தைப் பார்த்து, இயேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகன் வேடம் கொடுத்திருந்தார்கள். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை.

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை ஓங்காது, வராதன்னுட்டாருக்கா. பாக்காம இருக்க முடியுமா? அவர் கண்ணுல படாம பாத்துட்டுப் போயிடுறேன்."

ரோசரிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உள்ளே போக வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள். சவரிநாதனோடு பள்ளியில் படித்த பூண்டு மண்டி நஸ்ருல்லா, கடைசி வரிசை நூறு ரூபாய் டிக்கெட்டோடு நின்றிருந்தார்.

"அண்ணே, முன்னாடி வந்து உக்காருறீங்களா? உங்க டிக்கெட்ட இந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டு, வித்தியாசத்த மட்டும் எங்கிட்ட குடுங்க."

"கசக்குமா தங்கச்சி? சவரி வசனத்த மறந்தா நானே எடுத்துக் குடுப்பேன்."

"நீங்க பத்தாவதுல தமிழ்ல எடுத்த மார்க்க அவரு சொல்லியிருக்காருண்ணே."

அவர் இருநூறும் மகாலட்சுமி நூறும் கொடுத்தார்கள். மூவரும் உள்ளே போனார்கள்.

பிலாத்து தடுமாறவில்லை. ரோசரி மூச்சு விட்டாள். பிறகு இளவரசன் வந்தான். அவனுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. சாட்டையை நீவிக்கொண்டே மேடையை ஒரு சுற்று நடந்தான். அழுத குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டன. பிறகு இயேசுவின் முகத்தருகே குனிந்து, மெதுவாகச் சிரித்தான்.

"யா அல்லா," என்றார் நஸ்ருல்லா.

முதல் அடி. துணிச் சாட்டைதான் என்று தெரிந்தும் ரோசரி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது. மூன்றாவதற்குக் கை உயர்ந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வீறிட்டது. மகாலட்சுமியின் குரல்.

"அடப்பாவி! அவர விடுடா!"