செகண்ட் கிடார்

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 1997-இல், வாங்கியவர்களைவிட எழுதியவர்கள் அதிகமாக இருந்த ஒரு பத்திரிகையின் ஆசிரியர், ‘எனக்குப் பிடித்த கிடார் கலைஞர்கள்’ என்று மூன்று பக்கம் கேட்டார். வெளிநாட்டுப் பெயர்களாக இருந்தால் நல்லது என்றும், அவர்களில் இரண்டு பேராவது இளமையில் செத்திருந்தால் இன்னும் நல்லது என்றும் தபால் கார்டில் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர். திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சாகவும் இல்லை. ஆகவே கட்டுரை திரும்பி வந்தது, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

2.

முதல் தொடக்கம்: “மேற்கே சூரியன் சாய்ந்துகொண்டிருந்தபோது சாமியப்பனின் விரல்கள் தந்திகளின் மேல்...” வேண்டாம். அவன் வீட்டில் மேற்கே ஜன்னலே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: “கிடார் என்பது அழும் மரம்.” இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகி, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மரம் அழாது. அவன் வைத்திருந்தது பிளைவுட். அது நிச்சயமாக அழாது.

மூன்றாவது, சும்மா உள்ளபடியே: 1988-இல் திருப்பூரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் இரண்டு கிடார். லீட் கிடார் லிங்கசாமி, செகண்ட் கிடார் சாமியப்பன்.

லிங்கசாமியை முதலில் பார்த்துவிடுவோம். அவன் அதைத்தான் விரும்புவான். தோள்வரை முடி. சாயங்காலத்திலும் கறுப்புக் கண்ணாடி. வாசிக்கும்போது பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளிப்பான். கூட்டம் அந்தச் சுளிப்புக்குத்தான் கை தட்டும். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவன் கையில் ஒரு இழுவை இருந்தது. தந்தியை அழுத்தி மேலே தள்ளி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவான். கேட்கிறவர்களுக்கு அடிவயிற்றில் ஏதோ நழுவும். (அவனை அதிகம் புகழ்கிறேனோ? இருக்கட்டும். காரணம் உண்டு.)

சாமியப்பன் டிரம்ஸுக்குப் பின்னால், ஸ்பீக்கர் மறைவில் உட்கார்ந்திருப்பான். அவன் வாசிப்பில் கேட்பதற்கு என்று ஒன்றும் கிடையாது. பாட்டு முழுக்க இடது கைக்கு நாலே பிடி. வலது கை மேலும் கீழும் போய் வரும். ஆனால் அடித்த அடுத்த கணமே உள்ளங்கையால் தந்தியை அமுக்கிவிடுவான். ஓசை அறுபட்டு நிற்கும். அந்த அறுபட்ட இடத்தில்தான் பாடகி மூச்சு வாங்குவாள். அது தன் சாமர்த்தியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் விருந்து சாப்பிட்டுவிட்டு, “உப்பு பிரமாதம்” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

3.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கச்சேரி. மாலை நான்கு மணி. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். நாலாவது பாட்டில் லிங்கசாமி முன் வரிசையைப் பார்த்து முடியைக் கோதிக்கொண்டிருந்ததில், தான் நுழைய வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டான். சாமியப்பன் அதே பிடியை இன்னும் இரண்டு சுற்று சேர்த்துப் போட்டான், பாட்டே அப்படித்தான் என்பது போல. லிங்கசாமி நிதானமாக வந்து சேர்ந்துகொண்டான். கூட்டம் கை தட்டியது, லிங்கசாமிக்கு. இது முதல் தடவையும் அல்ல. இறங்கி வந்ததும் லிங்கசாமி ஆம்ப்ளிஃபயரைத் திட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

லிங்கசாமி ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் ஒயர் சுருட்டிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் சாமியப்பனிடம் ஒரு பெண் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கம்பெனியில் செக்கிங் செய்கிற கமலாம்பாள்.

“ஏனுங்க, நாலாவது பாட்டுல அந்தண்ணன் வர வேண்டிய எடத்துல வரலீங்களே?”

சாமியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாட்டே அப்படித்தானுங்க.”

“பொய் சொல்லாதீங்க. நான் செக்கிங்குங்க, ஓட்டை எங்கிருந்தாலும் தெரிஞ்சுரும். நீங்கதான அதைய அடைச்சீங்க?”

“வெளிய சொல்லீராதீங்க.”

“நான் ஏனுங்க சொல்றேன்? ஆனா பாட்டு நடந்து போறது உங்க கை மேலதானுங்க. அவரு சும்மா மேல பறக்கறாரு.”

ஆறு வருடம் வாசித்தவனுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. பிற்பாடு நான் எத்தனையோ இசை விமர்சனங்கள் படித்திருக்கிறேன்; இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் ஒன்றும் வந்ததில்லை.*

* ஒரு செக்கிங் பெண்ணுக்கு இவ்வளவு காது இருக்குமா, பாத்திரம் நம்பும்படி இல்லையே என்றார் நண்பர் ஒருவர். அவர் கவிஞர். ஆயிரம் பனியனில் ஒற்றை இழை விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவரிடம் ஒருநாள் கொடுத்துப் பார்க்க ஆசை.

4.

தை மாதம் கமலாம்பாள் தன் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கட்டினால் சாமியப்பனைத்தான். அவள் அப்பா மருதாசலம் பையனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சாமியப்பனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. பேசத் தெரிந்தவன் ஒருத்தன் வேண்டுமே என்று லிங்கசாமியைக் கூட்டிப் போனான்.

“நீ பேசிக்குவியல்ல?”

“நான் பாத்துக்கறேன், வாடா.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மருதாசலமும் செக்கிங்தான், பதினைந்து வருட சர்வீஸ். அவர் உலகத்தில் இரண்டே குவியல்: ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ். கறை, ஓட்டை, தையல் விட்டது எல்லாம் செகண்ட்ஸ். அது கப்பல் ஏறாது. ரோட்டோரம் குவித்துக் கூவி விற்பார்கள்.

“மெஷின் ஓட்றது போகக் கச்சேரியிலயும் இருக்கறீங்களாமா?”

“ஆமாங்க. செகண்டுங்க.”

மருதாசலம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “செகண்ட்ஸுங்களா?”

“ஆமாங்க. இவரு லீடு. நான் செகண்டுங்க.”

“ஆருங்க அப்படிப் பிரிச்சது?”

“குழு மாஸ்டருங்க. சேந்த அன்னைக்கே.”

சேர்ந்த அன்றைக்கே கழித்துக் கட்டிவிட்டார்கள்! மருதாசலத்தின் முகத்தில் நிஜமான இரக்கம். “மனசுல வெச்சுக்காதீங்க சாமி. அதுக்கப்புறமும் மேல ஏத்தலீங்களா?”

“நானும் கேக்கலீங்க. எனக்கு இதே போதுமுங்க.”

அவருக்குத் தாங்கவில்லை. லிங்கசாமி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. செகண்டுன்னா என்னங்க?”

லிங்கசாமிக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவர் எதைக் கேட்கிறார், எதை நினைக்கிறார், இரண்டும். வாயில் முறுக்கு. தெளிவாக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்.

“அவன் எப்பவுமே செகண்டுதானுங்க மாமா” என்றான் லிங்கசாமி. சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்.

“யோசிச்சுச் சொல்றனுங்க” என்றார் மருதாசலம். இல்லை என்பதை எங்கள் ஊரில் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

பஸ்ஸில் சாமியப்பனே இருவருக்கும் டிக்கெட் எடுத்தான். அடுத்த வாரக் கச்சேரியில் லிங்கசாமி மறுபடியும் ஒரு இடத்தைத் தவறவிட்டான். சாமியப்பன் மறுபடியும் இரண்டு சுற்று சேர்த்துப் போட்டான்.

5.

லிங்கசாமி நான்தான். பெயரை மாற்றினேன், முடியைக் கொஞ்சம் நீளமாக்கிக்கொண்டேன். படர்க்கையில் எழுதினால் ஒளிந்துகொள்ள வசதி.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் ஒயர் சுருட்டியபடி அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். பொறாமை. அவள் மேல் ஆசைப்பட்டு அல்ல, அந்த வாக்கியத்தின் மேல். அவ்வளவு கைதட்டலில் ஒன்றுகூட அப்படி என்னைக் கேட்டுவிட்டுத் தட்டியதில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6.

முடிவுகள்.

அ) சாமியப்பன் ராப்பகலாகச் சாதகம் செய்து லீட் கிடார் ஆகிறான், மருதாசலம் மாலையோடு ஓடி வருகிறார். பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னபோது அவருக்கு இது பிடித்திருந்தது. எனக்குக் குமட்டியது. செகண்ட் என்றால் மட்டம்தான் என்று நாமும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆ) கமலாம்பாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, “அப்பா, அது அந்த செகண்ட்ஸ் இல்...” எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அன்றைக்கு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்தது உண்மைதான். கதவிடுக்கில் பாதம் தெரிந்தது. நான் சிரித்ததும் அது நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டியதை இப்போது அவள் தலையில் கட்டுவது அழகல்ல.

இ) நிஜமாக நடந்தது. சொல்ல மாட்டேன். கெடுத்தவனே உட்கார்ந்து முடிவையும் சொல்வது கொஞ்சம் அதிகம்.

ஆகவே திரும்ப அங்கேயே போகிறேன். மருதாசலம் கேட்கிறார்: “நீங்க சொல்லுங்க தம்பி. செகண்டுன்னா என்னங்க?”

லிங்கசாமி முறுக்கை விழுங்கினான். “செகண்டுன்னாங்க மாமா, அது வந்து...”

இதற்கு மேல் எட்டு வருடமாக வரவில்லை. எப்படி எழுதினாலும் நாலாவது சொல்லுக்குள் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடுகிறது. சாமியப்பன் எப்படி வாசிப்பான் என்று உங்களுக்கு இப்போது தெரியும். மருதாசலம் நல்ல மனிதர், பாதிப் பேச்சில் எழுந்து போக மாட்டார். செகண்டு என்றால் என்ன என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்; கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்கும் கேட்க வேண்டும்.