இரண்டாவது பாட்டில்

விருப்பப் பாடப் படிவத்தில் அப்பாவே டிக் போட்டுவிட்டிருந்தார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்குக்கு அடியில் படிவம் கிடந்தது. நீர்த் தரம், காற்று மாசு, வனவுயிர், தொழிற்சாலைச் சூழல் மேலாண்மை என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தில் டிக், தாளின் பின்பக்கம் தடம் விழுகிற அளவுக்கு அழுத்தி. கீழே பெற்றோர் கையெழுத்து. சுற்றுச்சூழல் அறிவியலில் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது அவள். கடைசி வருடம் எதைப் படிப்பது என்று முடிவு செய்தவர் வாசலில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிடு, கையெழுத்துப் போட்டாச்சுன்னு," என்றார் அம்மாவிடம். அவள் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட சொல்லும்மா, படிக்கப்போறது அவரில்லன்னு."

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல, நேராப் பேசுங்க."

நேராக யாரும் பேசவில்லை. நீர்த் தரம் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, பத்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது லேசான காரியமில்லை. இருவருக்குமே அதில் நல்ல திறமை இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், சொல்லமாட்டாள்.

அப்பா சாயப் பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடமாக அதே தொட்டிகள், அதே மோட்டார், அதே நாற்றம். பட்டறையில் அவருக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர். பாதி கிண்டல், பாதி நிஜம். சோதனைக்கு அதிகாரிகள் வருகிற நாளில் நீல வால்வை இரண்டு சுற்றுத் திறந்தால், குழாய்த் தண்ணீர் கலந்து வெளியே போகிற அழுக்கு சரிபாதியாகிவிடும். "ரெண்டே சுத்து. ஒரு சொட்டு கூடாது, கொறையாது," என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். பத்து வயதில் அவளும் கூடவே சிரித்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வால்வு திருப்பித் திருப்பி அவர் கை இரும்பாகிவிட்டது. அவர் மூடின ஊறுகாய் ஜாடியை அந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அவர் மூடின சர்க்கரை டப்பாவைத் திறக்கக்கூட அவர் வேலை முடிந்து வரும்வரை அம்மா காத்திருப்பாள்.

படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். அலுவலக கிளார்க் படிவத்தைத் தொடக்கூட இல்லை. "ஒருத்தருக்கு ஒரு படிவம்தான். அடிச்சுத் திருத்தலாம். திருத்தின எடத்துல அப்பா கையெழுத்து இருக்கணும். புதன்கிழமை நாலு மணி கடைசி," என்று நான்கு வாக்கியத்தில் அவளை அனுப்பிவிட்டார். யாரை எதிர்த்துத் திருத்துகிறாளோ அவரே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியை எழுதினவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்காது.

அன்று திங்கட்கிழமை, மதியம் ஆய்வகம். களப்பணிக்கு ஆளுக்கு ஓர் இடம். அவள் பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சனிக்கிழமை பதினொன்று இருபதுக்குத் தண்ணீர் எடுத்தபோது உள்ளே அப்பாவின் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் எடுத்தேன் என்று அவள் யாரிடமாவது சொல்லலாம், தன்னிடம் சொல்லிக்கொள்ள முடியாது. ஓரிடத்திலிருந்து எப்போதும் இரண்டு பாட்டில் எடுக்க வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க. ஆய்வக ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். இரண்டாவதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தாள். லேபிளில் இடமும் நேரமும் அவள் கையெழுத்தில் இருந்தன. அப்பா ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்கத் திறந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் வேகமாகச் சுற்றினால்கூட ஏதாவது சொல்கிற மனிதர் அவர்.

முதல் பாட்டிலின் அழுக்களவு நானூற்று எழுபத்தாறு வந்தது. இருநூற்றைம்பதைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது பாட்டிலின் மூடி திறக்கவில்லை. அவள் முயன்றாள், பக்கத்து மேஜைப் பெண் முயன்றாள். கடைசியில் ஆய்வக உதவியாளர் அக்கா துணியைச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"யாருடி இப்பிடி மூடினது? கையா, ஸ்பேனரா?"

இரண்டாவது பாட்டில் இருநூற்று முப்பத்தெட்டு. திரும்பச் செய்தாள். அதே எண். அக்கா இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "சரிபாதி. யாரோ அளந்து ஊத்தின மாதிரி இருக்கு," என்றவர், வேறொரு மாணவி கூப்பிடவும் போய்விட்டார். களப்பணி நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதினாள். அடுத்த கட்டம்: வேறுபாட்டுக்கான காரணம். அதை எழுதாமல் மூடினாள். அந்த நோட்டில் இருப்பதுதான் துறையின் ஆண்டறிக்கையில் அச்சாகும். அறிக்கையின் ஒரு பிரதி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும்.

மாலையில் அப்பா ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே நோட்டை அவர் முன்னால் விரித்தாள். பத்து நாளுக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "ரெண்டு பாட்டில் எடுப்பாங்கப்பா. அது உங்களுக்குத் தெரியாது."

அவர் எண்களைப் படித்தார். முகத்தில் வெட்கமெல்லாம் வரவில்லை. கணக்குத் தப்பிப்போன எரிச்சல்தான் வந்தது.

"ஊர்ல எவ்வளவு தண்ணி ஓடுது. ஒனக்கு என் ஷிஃப்ட்டுதான் கெடைச்சுதா?"

"நான் உங்களப் பத்தி எழுதல. வாய்க்காலப் பத்தி எழுதினேன்."

"அந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறது யாரு? மொதலாளியா? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா மேனேஜர் யார கை காட்டுவான்?" குரல் ஏறியது. "லேப்ல இருந்த கெமிஸ்ட் போயிட்டான். அந்த எடத்த ஒனக்குன்னு கேட்டு வெச்சிருக்கேன். நாலாவது பாடத்த எடுத்தா நேரா உள்ள வந்து ஒக்காரலாம். வெளியாள் வந்தா என்னத்தான் மொதல்ல காட்டிக் குடுப்பான்."

"நீங்க ரெண்டு சுத்து சுத்துவீங்க, நான் கீழ கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான பெத்தீங்க?"

மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள், யார் பக்கமும் பார்க்காமல். அப்பா நோட்டில் காலியாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல ‘என் தவறு’ன்னு எழுது. தண்ணி எடுத்ததுல தப்புன்னு. நீ கேக்கற எடத்துல கையெழுத்துப் போடறேன். ஒன் இஷ்டத்துக்குப் படி, எப்படியோ போ."

அவருக்கு ஆய்வகம் தெரியாது, ஆனால் கட்டங்கள் தெரியும். மாதிரி எடுத்ததில் பிழை என்று எழுதிவிட்டால் இரண்டு எண்ணும் செல்லாது. அந்த இடத்துக்கு நேரே அறிக்கையில் வெறும் கோடு விழும். அவளுக்குப் போவது இரண்டு மதிப்பெண்தான். நீர்த் தரத்தில் பன்னிரண்டு இடம், வகுப்பில் முதலாவதாக இருப்பவளுக்கு இரண்டு போனால் ஒன்றுமில்லை. மலிவாகத்தான் கேட்டார். அந்த மலிவு அவளை அறைந்தது. முடியாது என்று நோட்டை இழுத்துக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. தண்ணீரைப் பற்றிப் படிக்க வேண்டும், அதற்கு முதலில் தண்ணீரைப் பற்றிப் பொய் எழுத வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அசிங்கமாகத்தான் இருந்தது. எழுதாவிட்டால் நாலாவது பாடம், அப்புறம் பட்டறை லேப், அப்புறம் ஆயுள் முழுக்க அதே பொய். எழுதினால் ஒரே ஒரு பொய். புதன் காலையில் இந்தக் கணக்கு அவளுக்கு நியாயமாகப் பட்டது. அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மேஜையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

"பேனா," என்றார் பின்னாலிருந்து, வாய் நிறைய நுரையோடு.

பேனாவில் எழுதினாள். என் தவறு. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, படித்துப் பார்த்து, படிவத்தில் அவள் திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு கோடு இழுத்தார். "அவ சாப்பிட்டாளான்னு கேளு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவருடைய அக்கறைகூட இன்னொருவர் வழியாகத்தான் வரும். அவள் சாப்பிடவில்லை.

மூன்றரைக்குப் படிவத்தைக் கொடுத்தாயிற்று. கிளார்க் முத்திரை குத்தினார். நீர்த் தரம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று படிக்கட்டில் சற்று நேரம் நின்று பார்த்தாள், வரவில்லை. நோட்டை இன்னும் கொடுக்கவில்லை, அது ஆய்வகத்தில் கொடுக்க வேண்டியது. கொடுப்பதற்கு முன் மீதித் தண்ணீரைக் கொட்டி, பாட்டில்களைக் கழுவி வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

இரண்டாவது பாட்டிலைக் கொட்டிக் கழுவினாள். முதல் பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. மூடியைக் கழற்றித் தொட்டிக்கு மேலே பிடித்தாள். பட்டறையின் நாற்றம், அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற அதே நாற்றம். கொட்ட வரவில்லை. மறுபடி மூடி, ஜன்னலோரத் தட்டில் வைத்துவிட்டு, மேஜைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தாள். என் தவறு என்பது காய்ந்து, வேறு யாரோ எழுதினது போலிருந்தது.

"இதையும் கொட்டணும்ல, மறந்துட்டியா?" அக்கா தட்டிலிருந்த முதல் பாட்டிலை எடுத்துத் திருகினார். மறுபடி திருகினார். துணியைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மூடி அசையவில்லை.

"திங்கக்கெழம இது நல்லாத்தான தெறந்துச்சு? இத யாருடி மூடினது?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் மூடியின் வரிகள் வட்டமாக, சிவப்பாக, இன்னும் அழுந்திக் கிடந்தன. வெளியே நாலு மணி அடிக்கத் தொடங்கியது. அக்கா பாட்டிலை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.