ஆறு கைப்பிடிகள்

"முதுகு சரியில்லம்மா. ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தப்பா எடுத்துக்காத," என்று சொன்ன நான்காவது ஆள், கார்லின் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். போன மாதம்தான் அந்த மனிதர் ஏரிக்கரையில் படகு எஞ்சினைத் தனியாளாகக் கழற்றித் தோளில் சுமந்து போனதை அவள் பார்த்திருந்தாள். நல்ல முதுகுவலி!

அடக்கம் மதியம். அப்பாவின் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு கைப்பிடிகள். காலை முழுக்கப் போனும் கையுமாக உட்கார்ந்தும் ஒரு கைப்பிடிக்குக்கூட ஆள் சேரவில்லை.

அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் ப்ரூயிட் என்ற இளைஞன் எதிரே நின்றான். தொழில் அவன் அப்பாவுடையது. துக்க முகத்தை இவன் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தான்.

"மேடம், நம்ம பசங்க இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்..."

"வேண்டாம்."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"கூலிக்கு ஆள் வச்சு எங்கப்பாவைத் தூக்க மாட்டேன். இத்தோட விடுங்க."

அவன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

அமெரிக்காவில், கரோலினா மலையடிவாரத்தில் அந்த வட்டாரத்து வழக்கம் அப்படி. பஞ்சாலையில் தரை துடைத்தவன் செத்தாலும் ஆறு பேர் கேட்காமலே வந்து நிற்பார்கள். ஒருவன் மச்சானாக இருப்பான், ஒருவன் கூட வேலை பார்த்தவனாக இருப்பான், ஒருவன் நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பான். நாதியில்லாமல் ரோட்டோரம் கிடந்த பிணத்தைத்தான் கூலிக்காரர்கள் தூக்குவார்கள். அப்பா வெர்லின் ஸ்டேமியை அப்படித் தூக்கினால் ஊர் என்ன பேசும்? ஊர் பேசுவது கிடக்கட்டும், அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவளுக்கு வேண்டியது அவரைத் தெரிந்த ஆறு பேர். காசு வாங்காத ஆறு பேர்.

வெர்லின் ஸ்டேமியைத் தெரியாதவர் யார்? ஸ்டாக் கார் பந்தயத்தில் இருபது வருடம் கொடிகட்டிப் பறந்தவர். செம்மண் தடத்தில் ஓட்டைக் காரோடு ஆரம்பித்து, ஏரிக்கரை மாளிகை, சொந்த விமானம், மூன்று ஊர்களில் கார் ஷோரூம் என்று முடித்தவர். வீட்டுக்குப் பின்னால் பளிங்குத் தரை போட்ட கொட்டகையில் அவர் ஓட்டி ஜெயித்த கார்களை வரிசையாகத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஜெயித்த விதம் ஒன்று இருக்கிறதே! கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். முன்னால் போகிறவனின் பின் பம்பரில் ஒரே ஒரு தட்டு. பெரிய இடியெல்லாம் இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரிதான். அவன் கார் வழுக்கிச் சுவரில் போய் மோதும், வெர்லின் கொடியைத் தாண்டியிருப்பார். கூட்டத்தில் பாதி எழுந்து கத்தும், மீதிப் பாதி பீர் டின்னை வீசும். தட்டு வாங்கியவர்கள் யாரும் மறக்கவில்லை. கார்லின் காலையிலிருந்து போன் போட்டதெல்லாம் அவர்களுக்குத்தான். வேறு யாரைத்தான் அவருக்குத் தெரியும்?

சாவு வீடென்றால் அங்கே அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பாத்திரத்துக்கு அடியில் பேர் எழுதி ஒட்டி, ஆளாளுக்குக் கோழியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து குவிப்பார்கள். இந்த வீட்டுக்கு வந்தது ஒரு டயர் கம்பெனி அனுப்பிய பழக்கூடை மட்டும். சமையல்காரி, தோட்டக்காரன், படகு பார்க்கிறவன், கடைசி மாதங்களில் வந்த நர்ஸ் என்று அந்த வாசற்படியை மிதித்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு மிதித்தவர்கள். அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. கார்லினுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹோய்ட் ராம்சூர் தன் பழைய பட்டறையில் ஒரு புல்வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெர்லினின் முதல் காரைக் கட்டியவர் அவர்தான். வாரம் முழுக்கப் பஞ்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வெர்லினுக்கு டயர் மாற்றுவது என்று ஒரு கும்பலையே வைத்து நடத்தியவர். கூலி கிடையாது. சாண்ட்விச்சும் பீரும்தான். பெரிய கம்பெனி பெரிய பணத்தோடு வந்தபோது, டயர் மாற்றக் கட்டுமஸ்தான பையன்களையும் அதுவே கொண்டுவந்தது. வெர்லின் இவர்களைக் கைகழுவிவிட்டார்.

"ஹோய்ட் மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். "பேப்பர்ல பார்த்தேன்."

"பெட்டி தூக்க ஆள் இல்ல மாமா."

"ஏன்? காசுக்கா பஞ்சம்?"

"காசுக்கு வர்ற ஆள் வேண்டாம்."

"ஓஹோ! உங்கப்பன் கேட்டா சிரிப்பான். காசுக்கு வராத ஆளுங்கன்னுதானே எங்களைத் துரத்தினான்."

பின்கட்டிலிருந்து அவர் மனைவி நெட்டி எட்டிப் பார்த்தாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. பொண்ணு முகத்தைப் பாருங்க, பச்சத் தண்ணி பல்லுல படல போல. வா கண்ணு, காபி குடி."

"இருக்கட்டும் அத்தை."

ஹோய்ட் ஒரு போல்ட்டை எண்ணெயில் போட்டார். துணியில் கை துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "முப்பது வருஷத்துல ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அந்த ஏரி இங்கிருந்து எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்தான்."

அப்பா யாருக்கும் போன் போட்டு அவள் பார்த்ததில்லை. டிவியில் பந்தயத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வருவீங்களா மாமா?"

"சொல்ல முடியாது. எவனெவன் உயிரோட இருக்கான்னு பார்க்கணும்," என்று ஹோய்ட் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தேவாலயத்தின் பின்வரிசைகளில் வெர்லினின் கார் எண் போட்ட தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள், பாவம். முன்வரிசையில் கார்லின் மட்டும். பாதிரியார் பேசி முடித்தார். அவருக்கும் அப்பாவைத் தெரியாது, கோப்பைகளைப் பற்றித்தான் பேசினார். ப்ரூயிட் அவளருகே வந்து குனிந்தான்.

"மேடம்... இனிமே தாமதிக்க முடியாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரி என்று சொல்ல வாயெடுத்தபோது பின்னால் கதவு திறந்தது. ஹோய்ட்! எந்தக் காலத்துக் கோட்டோ, பட்டன் போட முடியவில்லை. அவருக்குப் பின்னால் டயர் மாற்றிய பிக்ரெல் அண்ணன் தம்பி இருவர், ஜாக்கி பிடித்த கிரேடி. நால்வரில் எழுபது தாண்டாதவர் ஒருவருமில்லை. ஐந்தாவதாக ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தவரைப் பார்த்ததும் பின்வரிசை கசமுசவென்று பேசியது. லைல் சோசமன். அப்பாவின் தட்டு வாங்கிச் சுவரில் மோதி, அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடாமல் போனவர். கார்லின் அவருக்குப் போன் போடக்கூடத் துணியவில்லை.

அவர் அவள் முன்னால் நின்றார். "உங்கப்பாவுக்காக வரல. ஆள் குறையுதுன்னு ஹோய்ட் சொன்னான்."

"சரிங்க," என்றாள்.

ஐந்து பேர் ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள். ஆறாவது கைப்பிடி காலியாக இருந்தது. அவர்களோடு வந்திருந்த நெட்டி தன் கைப்பையைக் கார்லின் மடியில் போட்டாள்.

"என்ன பார்க்கறீங்க? இவன் தின்ன சாண்ட்விச் எல்லாம் யார் செஞ்சது? தள்ளுங்க."

"பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லையே," என்றார் மூத்த பிக்ரெல்.

"உன் பக்கம் சாயாம பார்த்துக்க, போதும்."

பெட்டி வெண்கலம். பணக்காரச் சாவு, கனமும் அப்படித்தான். படியில் இறங்கும்போது ஹோய்ட் பல்லைக் கடித்தபடி, "உயிரோட இருக்கும்போதும் இவன் நமக்குச் சுமைதாண்டா," என்றார். சவ வண்டியின் உருளைகள்மேல் பெட்டியின் முன்பக்கத்தை வைத்தார்கள். பின்னால் நின்றது லைல். மெதுவாக உள்ளே தள்ள வேண்டியதுதான் பாக்கி. லைல் ஒரு நிமிடம் பெட்டியையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். பெட்டி சர்ரென்று ஓடி எதிர்க்கட்டையில் 'டொம்' என்று மோதி நின்றது.

ப்ரூயிட்டின் முகம் வெளுத்துவிட்டது.

"அது பாக்கி இருந்துச்சு," என்றார் லைல்.

முதலில் கிரேடி சிரித்தார். பிறகு பிக்ரெல்கள். ஹோய்ட் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கார்லினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. லைல் சோசமன் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

கல்லறை மேட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரே டிரக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதையோ சொல்லி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே போனார்கள். "ராத்திரிக்கு வந்துடு, பீன்ஸ் வேகவச்சிருக்கேன்," என்று நெட்டி ஜன்னல் வழியாகக் கத்தினாள். கார்லினுக்கு மனசு இலேசாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் அப்பா என்று சொல்லிக்கொண்டாள்.

ப்ரூயிட் தயங்கித் தயங்கி வந்தான். "மேடம், ஒரு விஷயம். அந்த ஆறு ஆளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறோம்."

"எந்த ஆறு ஆள்?"

"உங்கப்பா முன்னாடியே கட்டிட்டார் மேடம். பெட்டியைப் பார்த்து வாங்கின அன்னிக்கே. ஏழெட்டு வருஷம் இருக்கும். சொந்தக்காரங்க, சிநேகிதங்க யார் பேராவது சொல்லுங்கன்னு எங்கப்பா கேட்டாராம். யாரும் வேண்டாம், உன் பசங்களையே போட்டுக்கோன்னாராம்." அவன் தரையைப் பார்த்தான். "என் பொண்ணு இதுக்காக எவன்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னாராம்."

"காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தடவை வாயெடுத்தேன் மேடம். பசங்க அதோ நிக்கறாங்க."

அவள் அவன் கை காட்டிய பக்கம் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஓக் மரத்தடியில் ஒரு கறுப்பு வேன் நின்றிருந்தது. கறுப்பு சூட் போட்ட பையன்கள் அதில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்களாம், எதற்கும் இருக்கட்டும் என்று.

கார்லின் அவர்களைப் பார்த்து நடந்தாள். அவள் வருவதை ஒருவன் கவனித்துச் சிகரெட்டைக் காலால் நசுக்கினான். மற்றவர்களும் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், நடுவே ஒரு பெட்டி நீளத்துக்கு இடம் விட்டு, இந்தப் பக்கம் மூன்று பேரும் அந்தப் பக்கம் மூன்று பேருமாக நின்றார்கள்.