பதினேழு பெயர்கள்

யெஸ்ஸா அந்த மலைப் பள்ளிக்கு 'உஸ்தாதா'வாக, ஆசிரியையாக வந்தபோது, கணினிகள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளாகத் தலைமை ஆசிரியர் சி மொஹாவின் அறையில் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் அவர் தன் ஜெல்லாபா அங்கியை மடித்துப் போடுவார். புதினாத் தேநீரை வைப்பார்.

சி மொஹா கெட்டவர் அல்ல. ஒன்று பழுதானாலும் தன் தலையில்தான் விழும் என்ற பயம். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. யெஸ்ஸா மூன்று முறை கேட்டாள். குளிர்காலம் போகட்டும் என்றே சொல்லிவந்தார். நான்காவது முறை ஒரு தாளை நீட்டினாள். கணினிகளுக்கு இனி தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"உஸ்தாதா, உங்களுக்கு வயசு இருபத்தாறு. வேலைக்கே உலை வச்சுக்காதீங்க."

"பெட்டிக்குள்ளயே வீணாப் போனா மட்டும் யாரைக் கேப்பாங்க, சி மொஹா?"

அவர் அங்கியை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

பிரித்தால், பாதிக்கு மேல் எலி கடித்த கம்பிகள். ஆறாம் வகுப்பின் பதினேழு பிள்ளைகளோடு யெஸ்ஸா தரையில் உட்கார்ந்து, நல்லதைக் கழற்றிக் கெட்டதில் மாட்டினாள். ஏழு கணினிகள் உயிர் பெற்றன. முதல் வாரமே ஒரு திரை இருண்டபோது அவளுக்குத் தான் கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. வகுப்பில் வாயே திறக்காத, ஆடு மேய்ப்பவர் மகள் ஹென்னு, மேசைக்கடியில் குனிந்து பார்த்து, "கம்பி கழண்டிருக்கு, அவ்வளவுதான்," என்று சொருகிவிட்டாள்.

பிப்ரவரியில் பனி கொட்டிக் கணவாயை அடைத்தது. இறுதித் தேர்வுக்கும் நகரத்து மாணவியர் விடுதிக்கும் பெயர் பதிய வியாழன் கடைசி நாள். வருடாவருடம் சி மொஹா பட்டியலோடு இறங்கிப் போய், நகரத்துக் கணினிக் கடையொன்றில் இணையத்தில் பதிந்து வருவார். இப்போது கழுதைகூடப் போகாது. கல்வி அலுவலகத்திடம் தொலைபேசியில் கெஞ்சினார், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க நகரத்துக்குத்தான் போகவேண்டும்; விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் வகுப்பின் ஒன்பது பெண்களுக்கும் படிப்பு அதோடு சரி. அவர் கணப்படுப்பருகே பட்டியலை வெறித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

யெஸ்ஸா ஒரு கணினியை ஜன்னலோரம் நகர்த்தினாள். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் எட்டும். கைப்பேசியைக் கம்பியால் அதோடு இணைத்துவிட்டு, பிள்ளைகளிடம் அவரவர் பெயரை அவரவரே பதியச் சொன்னாள். பதினொரு பெயர் முடிந்ததும் மின்சாரம் போனது. அன்று திரும்பவே இல்லை. மறுநாள், வியாழன் நண்பகலில் வந்தது. ஹென்னுவின் முறை வந்தபோது படிவம் பெயரை ஏற்க மறுத்தது. அவள் திரையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சி மொஹா, எங்க குடும்பப் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டீங்க. அதான் எடுத்துக்கல."

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, என் தப்புதான். நீயே சரி பண்ணும்மா," என்றார்.

மூன்று மணிக்குள் பதினேழும் ஏறின. மாலையில் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பாதை மூடியிருக்க, சி மொஹா எந்தக் கடையில் பதிந்தார் என்று கேட்டார்கள்.

"கடையா? எங்க ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க செஞ்சாங்க," என்றார் சி மொஹா. எதிர்முனை நம்பவில்லை போலும். அவர் எழுந்து நின்று, இன்னும் உரக்க, "பிள்ளைங்கதான். என் பிள்ளைங்க," என்றார்.

அவர் குரல் வராந்தாவரை கேட்டது. அங்கே நின்ற யெஸ்ஸாவுக்கு நெஞ்சு நிறைந்து, கண் மங்கியது.

பின்னாளில் ஒன்பது பெண்களுக்கும் விடுதியில் இடம் கிடைத்தது. அந்த வியாழன் இரவுக்குள், அதே பனியில் சிக்கிய பக்கத்துப் பள்ளத்தாக்குப் பள்ளியின் இருபத்திரண்டு பெயர்களையும் இங்கிருந்தே பதிந்தார்கள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஹென்னு அவரை அவசரப்படாமல் சொல்லச் சொல்லித் தட்டெழுதினாள்.