பாலில் கலந்தது

அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்த லக்ஷனா அப்படியே நின்றுவிட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன போத்தலில் பாதிதான் இருந்தது. முன்னறையில் அப்பா வெள்ளைத்துணிக்கடியில் கிடந்தார். காலையில் எழுந்திருக்கவில்லை என்ற தகவல் கேட்டு, கண்டியிலிருந்து பஸ் பிடித்து இப்போதுதான் வந்திருந்தாள்.

போத்தலில் இருந்தது வல்லாரைச் சாரம். மனச்சோர்வுக்கு உதவுமா என்று பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீரில் விட்டால் அவை சோர்ந்து மிதக்காமல் நீந்தின. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. வேலைநிறுத்தத்தால் ஆய்வுகூடம் மூடியபோது, கெட்டுப்போகாமலிருக்க வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். பதுளை பஜாரில் இருந்த தன் துணிக்கடையை மறந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அப்பா, "எலிக்குக் குடுக்கிறியே, எனக்குக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். மறுத்துவிட்டாள்.

லக்ஷனா அம்மாவைப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"யாரும்மா அந்த மருந்த எடுத்தா?"

"நாந்தான். பால்ல கலந்து குடுத்தேன்." அம்மா நிமிரவில்லை. "வல்லாரைதானே, சம்பல் போட்டுத் திங்கிறதுதானே. குடிச்சப்புறம் கடையத் தொறந்தாருடி. தானாவே சவரம் பண்ணிக்கிட்டாரு."



மரண விசாரணை அதிகாரி ஸரூக் வந்து, "மருந்து ஏதும் எடுத்தாரா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க," என்று அம்மாவின் தம்பி முருகையா மாமா முந்திக்கொண்டார். அம்மா லக்ஷனாவையே பார்த்தாள்.

"எடுத்தாருங்க. நான் செஞ்ச மருந்து," என்றாள் லக்ஷனா. குடிக்கக் கொடுத்தது யாரென்று அவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி உடலை ஏற்றிக்கொண்டு போனது. "சுடுகாடு போறதுக்குள்ள அப்பன அறுக்கக் குடுத்துட்டியே," என்று மாமா அவளோடு பேசுவதை நிறுத்தினார். மறுநாள் பகல்வரை, பொலிஸ் வந்தால் என்ன சொல்வது, அம்மாவை எங்கே மறைப்பது என்று மனம் ஓடிக்கொண்டேயிருந்தது.

உடலை அறுத்துப் பார்த்த வைத்தியர் மாரடைப்பு என்றார். இதயக்குழாய் நெடுங்காலமாக அடைத்திருந்ததாம். மருந்தால் வந்ததற்கு அடையாளம் ஏதுமில்லையாம்.

ஆண்கள் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன பிறகு, பெண்கள் தலைமுழுகினார்கள். வீடு காலியானது.

"அப்ப அதுல தப்பில்லதானே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"இன்னும் கொஞ்சம் செய்ய முடியுமாடி?"

"யாருக்கும்மா?"

அப்பா மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த கட்டிலை அம்மா பார்த்தாள். ஈரத்தலை முதுகில் சொட்ட, துவாயை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். லக்ஷனா அதை எடுத்து, அவள் கூந்தலை மெதுவாகத் துவட்டத் தொடங்கினாள்.