பத்மாசனியின் மண்முட்டிகள்

பத்மாசனியின் இணையக் கடையைத் திறந்தால் முதலில் கடை வராது. திரையின் நடுவில் ஒரு பெட்டி துள்ளி விழும். அதற்குள் மூன்று மண்முட்டிகள் கயிற்றில் ஆடும். "ஒண்டை உடையுங்கோ பாப்பம்!" என்று எழுத்து வேறு. ஒரு முட்டிக்குள் கேக்குக்கு விலைக்கழிவு, ஒன்றுக்குள் முறுக்கு நிரப்பிய பேணி, மற்றதில் வெறும் தண்ணீர். அது திரை முழுக்க ஊற்றும். "நனைஞ்சு போனியளோ? மின்னஞ்சலைத் தாங்கோ, இன்னொரு முட்டி தாறம்." சித்திரை வருடத்தில் பானை உடைக்கும் விளையாட்டைப் பொப்-அப் ஆக்கிவிட்டாள் பாவி!

அதைக் கண்ட நாள் தொட்டு எனக்கு வயிறு எரிந்தது. வவுனியாவில் ஒரே கணினி வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவர்கள் நாங்கள். படிப்பித்த சேர் கெட்டிக்காரி என்றது என்னைத்தான். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது, வெளிநாட்டுச் சனம் ஊரில் இருப்பவர்களுக்குக் கேக்கும் பழக்கூடையும் அனுப்ப இணையத்தில் கடை போடலாம் என்று முதலில் சொன்னவளும் நான்தான். நான் போட்டேன், அவளும் போட்டாள். இப்போது நல்ல நாள் வருமுன், சேர்த்து வைத்த முகவரிகளுக்கெல்லாம் "அம்மாவுக்கு இன்னும் ஒண்டும் அனுப்பேல்லையோ?" என்று ஒரு மின்னஞ்சல் விடுவாள். ஓடர் குவியும். நான் ஓடரில்லாமல் இலையான் கலைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் இஸ்ஸதீன் புடவைக் கடைக்காரர். பொறுத்துப் பார்த்தவர் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள ஓடர் வராட்டி இந்தக் கம்பியூட்டரை வித்துப்போட்டுப் புடவைக் கடையில வந்து நில்லு றிம்ஸியா."

நான் கடையை மூட, பத்மாசனி பார்த்துக்கொண்டு நிற்பதா? செத்தாலும் விடமாட்டேன். பொய்ப் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து தினமும் அவளுடைய முட்டிகளை உடைத்தேன். ஒவ்வொன்றையும் அவள் தலை என்று நினைத்துத்தான் உடைத்தேன். எனக்கென்று வாய்த்தது எப்போதும் தண்ணீர்தான்.

பிறகு நானும் ஒரு பொப்-அப் செய்தேன். அவளுக்கு மூன்று முட்டி என்றால் எனக்கு ஐந்து. அவள் மின்னஞ்சல் மட்டும் கேட்கிறாள், நான் முழு ஆளையும் பிடிக்கிறேன் பார் என்று, முழுப்பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், இப்போதைய விலாசம் எல்லாம் கேட்டேன். நிரப்பினால்தான் முட்டி உடையும்.

இஸ்ஸதீன் எட்டிப் பார்த்தார். "இது முட்டியோ, ஆமிச் சென்றியோ? அடையாள அட்டையையும் கேளன்."

"நீங்க புடவையைப் பாருங்கோ" என்றேன்.

சனம் வந்தது, பெட்டியைக் கண்டது, மூடிக்கொண்டு போனது. ஒருவரும் நிரப்பவில்லை. லண்டனில் இருக்கும் என் தம்பி றிஃபாத்துக்குக்கூட நான் கடை நடத்துவதைச் சொல்லவில்லை. பத்மாசனியை முந்திவிட்டுப் பெருமையாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

என் பிறந்த நாளன்று படலையில் சைக்கிள் மணி கேட்டது. பார்த்தால் பத்மாசனி! கையில் கேக் பெட்டி.

"உமக்குத்தான் றிம்ஸியா. லண்டனிலயிருந்து றிஃபாத் எண்டு ஒருத்தர் அனுப்பினவர். உம்மட தம்பியே?"

என் தம்பியின் கேக்கை என் வீட்டு வாசலில் அவள் கையால் வாங்கினேன். அவள் சிரித்தாள். எனக்கு அந்தக் கேக்கை அவள் முகத்திலேயே அப்ப வேண்டும் போலிருந்தது.

பின்னேரம் றிஃபாத் போன் எடுத்தான். "கேக் எப்பிடி ராத்தா?"

"இருக்கு. வேற கடை ஒண்டும் அம்பிடேல்லையோ உனக்கு?"

"முதல்ல ஒண்டைத் திறந்தனான். பேர், வாப்பாட பேர், ஊர், விலாசம் எல்லாம் கேட்டுது. என்ர விசாக் கேஸ் இன்னும் முடியேல்லைதானே? பயத்தில மூடிப்போட்டன். மற்றதில முட்டி உடைச்சன். தண்ணி ஊத்துப்பட்டுது! இஞ்ச வந்த பிறகு அப்பிடிச் சிரிச்சதே இல்லை ராத்தா."

"அந்த முதல் கடை ஆற்ற எண்டு தெரியுமோடா? உன்ர ராத்தாட."

"ஏன் ராத்தா, ஆமிக்காரன் மாதிரிக் கேக்கிறீங்க?"

கேக் அவளுக்குப் போனதைத் தாங்குவேன். ஓடர் போனதையும் தாங்குவேன். அந்நிய ஊரில் அறைக்குள் தனியாகக் கிடக்கும் என் தம்பியை அவள் சிரிக்க வைத்திருக்கிறாள், நான் பயமுறுத்தியிருக்கிறேன். அந்தப் பொறாமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கேள்வி எல்லாவற்றையும் அழித்தேன். முட்டிகளையும் அழித்தேன், அவளுடைய விளையாட்டு எனக்கு எதற்கு? நாங்கள் பிறந்த ஊரான தண்ணீரூற்றில் எங்கள் ஆடு ஒரு தடவை வாப்பாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்த ஆட்டைத் திரையில் ஓடவிட்டேன். பிடித்தால் கழிவு. பிடிபடாவிட்டால் மின்னஞ்சல் தந்து இன்னொரு தரம் துரத்தலாம்.

முதலில் வந்த முகவரி றிஃபாத்துடையது. பிடிக்கத் தெரியாமல் நெடுநேரம் துரத்திச் சிரித்ததாக எழுதியிருந்தான். பிறகு அவனுடைய சிநேகிதர் இரண்டு பேர். அதில் ஒருவர் செட்டிகுளத்தில் இருக்கும் தாய்க்குப் பழக்கூடை ஓடர் தந்தார். இஸ்ஸதீன் கம்பியூட்டரை விற்கிற கதையை விட்டுவிட்டு, தானும் ஆட்டைத் துரத்தினார்.

அப்போது இன்னொரு முகவரி வந்து விழுந்தது. பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"என்ன, இன்னொரு ஓடரோ?" என்றார்.

"அதைவிட நல்லது. பத்மாசனி! ஆடு பிடிக்க வந்திருக்கிறா. பொய்ப் பேர்கூட வைக்கேல்லை, அவ்வளவு அவசரம்."