வெள்ளை எழுத்துப் போட்ட டயர்

டயர்க்கடை பெஞ்சில் அன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நான்கு பேர் இல்லாமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

வண்டி என் மனைவியுடையது. அவள் மாட்டு டாக்டர். கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஜீப், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். அவளை நான் டாக்டர் என்பேன். ஊருக்குள் ஸ்கூட்டரில் போவேன், வருவேன். அந்த ஜீப்பில் இருக்கும் இரண்டு கியர் கம்பிகளைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, வீட்டு வாசலிலேயே மூன்று முறை இன்ஜினை அணையவிட்டேன். என் மச்சான் அதைப் பார்த்துவிட்டான்.

"மாப்ளே, சைடு சீட்டை உங்க பேருக்கே எழுதிக் குடுத்துட்டாங்க போல!"

அப்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் ஒரு மாதம் கழித்து அவள், டயர் நாலும் தேய்ந்துவிட்டது, கடைக்குப் போக நேரமே இல்லை என்று புலம்பியபோது, "அதை நான் பாத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டேன்.

"நிஜமாவா? என் தங்கம்!" என்றாள். "பால் சொசைட்டி வண்டிக்கெல்லாம் டயர் போடுற கடைக்கே போ. நான் போற இடம், ஏத்துற சாமான் எல்லாத்தையும் சொல்லு. அந்தாளு பார்த்துக் குடுப்பாரு."

அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை. டயரைத் தேர்ந்தெடுப்பது கூட இல்லை. சொல்வது மட்டும்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பட்டறை ஆள் வண்டியை ஓட்டி வந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போனார். டயர்க்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். காதில் பேனா. பழைய டயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

"வண்டி யாரு ஓட்டறது, தம்பி?"

பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"எந்த மாதிரி ரோடு?"

முந்தின வாரம் முழுக்க போனில் டயர் வீடியோ பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவன் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு மணலை வாரியடித்தபடி வந்தான். "எல்லா ரோடும்தான். லீவு நாள்ல கடற்கரைப் பக்கம் இறக்கி ஓட்டுவேன்."

"மணல்ல ஏர் கொறைச்சு ஓட்டுவீங்களோ?"

"ஆமா ஆமா. கொறைச்சுத்தான்."

"லோடு?"

"லோடு என்ன, நானும் வீட்டம்மாவும்தான்."

"பார்த்து, தம்பி" என்றார் லாரி டிரைவர். "லோடுன்னு சொன்னது வீட்டம்மா காதுல விழுந்தா டயர் பஞ்சர் ஆகாது, நீங்க ஆயிடுவீங்க."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நானும் ஒரு ஆளாகிவிட்டது போல இருந்தது.

டயர்க்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். "எல்லாத் தரைக்கும் ஆகும்னு, ஆல் டெரெய்ன்னுதான் ரெண்டுலயும் போட்டிருப்பான். ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. இதுக்குப் பக்கவாட்டுச் சுவர் மெத்துன்னு இருக்கும். ஏர் இறக்கினா நல்லா அமுங்கிப் பரவும், மணல்ல மெதக்கும். ஆனா கூரான கல்லு ஓரத்துல பட்டா கிழிச்சிடும். அது கட்டி, பக்கத்துலயும் மூணு அடுக்கு. கல்லுல கவலையில்லாம போகலாம். தார் ரோட்டுல கொஞ்சம் சத்தம் போடும், குலுக்கும். நீங்க கல்லுல போறதில்லையே?"

கட்டி டயர் வெறும் கறுப்பாக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. மெத்து டயரின் பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்துகள், வீடியோவில் பார்த்த மாதிரியே.

"இல்லை" என்றேன்.

"வேணும்னா வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வாங்களேன்."

இறங்கிவர எனக்கு ஒரு படி போட்டுக் கொடுத்தார் அந்த மனிதர். பெஞ்சில் நான்கு ஜோடிக் கண்கள். "எங்க வீட்டுல இதெல்லாம் நான் சொல்றதுதாங்க" என்றேன்.

சாயந்தரம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "என்ன கண்ணாடி இது, வண்டி பல்லு வெளக்கிட்டு வந்த மாதிரி இருக்கு! நான் போற இடமெல்லாம் சொன்னியா?"

"சொன்னேன்."

ஒரே ஒரு வார்த்தை. அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

பத்தொன்பது நாள் கழித்து, பழைய கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற அம்மா. மாட்டுக்கு வலி எடுத்து நேரமாகிறது, கன்று வரவில்லை என்றார்கள். இவள் வாயில் டீயோடு ஓடினாள்.

குவாரிப் பாதையில், லாரிகள் கொட்டிவிட்டுப் போன உடைகல்லில், முதல் டயரின் பக்கம் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போனாள். அரை கிலோமீட்டர் தாண்டவில்லை, அடுத்த டயர். மாற்றுவதற்கு வேறு டயர் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மீதி நான்கு கிலோமீட்டரும் நடந்தும் ஓடியும் போயிருக்கிறாள்.

மத்தியானம் யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினாள். நேராகக் குளியலறைக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள். கழுவிவிட்டு மறுபடியும் போட்டாள்.

"முன்னங்கால் மடங்கிக் கெடந்துச்சு, கண்ணாடி. திருப்பி எடுத்துட்டேன். ஆனா மூச்சு இல்ல. பொட்டைக் கன்னு. முக்கா மணி நேரம் முன்னாடி போயிருந்தா பொழைச்சிருக்கும்."

"மாடு?"

"இருக்கு."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன்னை ஏமாத்திட்டான் அந்த டயர்க்காரன். உனக்கு விவரம் தெரியாதுன்னு கண்டதைத் தலையில கட்டிட்டான். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத. உன்னைத் தனியா அனுப்பினது என் தப்பு."

"ம்" என்றேன்.

அந்த ஒற்றை 'ம்' என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். பார்வை சரியில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ரகம். எப்போதும் பலகையை மாற்றி வைத்து, "சார், இப்ப படிங்க பார்க்கலாம்" என்று கிண்டல் செய்வேன். அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெதுவாக, "எனக்காகச் சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன். அவர் உடனே தெரியவில்லை என்றார். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்!

மூன்றாம் நாள், பட்டறையில் இரவல் டயர் வாங்கி மாட்டிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு அவள் டயர்க்கடைக்குப் போனாள். கிழிந்த டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் படுக்கப் போட்டாள்.

"இதை வித்தது நீங்கதானே?"

டயர்க்காரர் குந்தி உட்கார்ந்து கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கல்லு" என்றார்.

"கல்லுதான். தினமும் கல்லுல போற வண்டிக்கு இதை எப்படிங்க குடுத்தீங்க? இவரு விவரம் தெரியாதவரு, சரி. உங்களுக்கு இதுதானே தொழில்? ஒரு கன்னுக்குட்டி செத்துப்போச்சுங்க!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காற்று மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது.

இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

"தப்புதாம்மா" என்றார் டயர்க்காரர். "நான் இன்னும் ரெண்டு வார்த்தை விசாரிச்சிருக்கணும்."

"பால் சொசைட்டி வண்டி ஏழும் உங்ககிட்டதான் டயர் போடுது. இன்னியோட சரி. இங்கிருந்து நேரா அங்கதான் போறேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. அப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பெஞ்சில் அன்று யாரும் இல்லை. காலிப் பெஞ்சு. அதன் முன்னாலேயே என் நாக்கு புரளவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்?

"அவர் கேட்டாரு" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்ன?"

"எல்லாத்தையும் கேட்டாரு. யாரு ஓட்டறாங்கன்னு கேட்டாரு, நான்தான்னேன். என்ன ரோடுன்னாரு, கடற்கரைன்னேன். லோடு இல்லேன்னேன். கல்லுல போவீங்களான்னு தனியாவே கேட்டாரு. இல்லேன்னு சொல்லிட்டேன்."

"கடற்கரையா?"

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னும் சொன்னாரு." கிழிந்த டயரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன். "எங்க வீட்டுல இதெல்லாம் நான் சொல்றதுதான்னு சொன்னேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முதல் தடவை பார்ப்பது மாதிரி. பிறகு அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்கண்ணா. தெரியாம பேசிட்டேன்."

என் தப்புக்கு அவள் கைகூப்பி நின்றாள். தரை பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் டயர் பேசினார்கள். உடைகல் எவ்வளவு தூரம், மழையில் சேறு எவ்வளவு ஆழம், சினை ஊசிக்கான குளிர் உருளை எத்தனை கிலோ, மருந்துப் பெட்டி எத்தனை என்று அவள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக் கேட்டார். சத்தமும் குலுக்கலும் அவளுக்குப் பொருட்டில்லை. கட்டி டயர், ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சக்கரம் மாட்டும்போது டயர்க்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, இங்க வர்ற ஆம்பளைங்க பாதிப் பேரு கடற்கரைக்குப் போறதாத்தான் சொல்றாங்க. அத்தனை பேரும் நிஜமாப் போனா அங்க அலை வர்றதுக்கு எடம் இருக்காது. உங்க மூஞ்சியைப் பார்த்தே நான் புரிஞ்சிருக்கணும்."

"ஏறு" என்றாள் அவள்.

வீட்டுத் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. குவாரிப் பாதையில் இறங்கியது. கல் ஒவ்வொன்றும் உடைந்த பீங்கான் மாதிரி கூரான விளிம்போடு கிடந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவள் வேலைக்குப் போகிற பாதையை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். 

மாட்டுக்கார அம்மா கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா" என்றார், வாய்க்குள்ளேயே. "இது யாரு?"

"வீட்டுக்காரரு. உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

சொன்னேன். கடையில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த மாடு வெறும் தரையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி முழுவதும் கேட்டார்.

"மூணு நாளா நான் டாக்டரம்மாவைத்தான் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். "கூப்பிட்டா நேரத்துக்கு வராதவங்க, வேற டாக்டரைப் பாருங்கன்னு இங்க எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன்."

என் மனைவிக்கு அது புதிய செய்தி. அவள் மாட்டின் பக்கம் திரும்பி அதன் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

"எத்தனை வீடு?" என்று கேட்டேன்.

"அஞ்சு."

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

அந்த அம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் விளக்குமாற்றால் காட்டினார்.

வேலி தாண்டி இருபது அடி போயிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஆனால் நடையைக் குறைத்து என்னோடு நடந்தாள்.

"மொத வீட்டுல பெரியவருக்குக் காது மந்தம்" என்றாள். "சத்தமாச் சொல்லணும்."

சத்தமாகச் சொன்னேன். பெரியவர் காதருகே கையை வைத்து, "யாரு ஓட்டறேன்னு சொன்னே?" என்றார். மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னேன். மற்ற நான்கு வீட்டுக் கதவுகளும் தானாகவே திறந்தன.